தணல் சட்டியும் சாத்திய கதவும்

அக்காவின் காம்பிராவில், சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியை அடைத்தவன் நான். தணல் சட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தவனும், கதவை வெளியே இருந்து இழுத்துச் சாத்தியவனும் நான்தான். தணல் வைத்ததும் கதவைச் சாத்தியதும் அக்காவேதான் என்று இரண்டு வருடத்துக்கு மேலாக எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். அவளை அப்படி நம்ப விட்டதும் நான்.

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். எனக்குப் பிடித்த பாடம் சக்தி மாற்றம். அந்தப் பாடத்துக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. தோட்டப் பள்ளிக்கூடங்களில் ஆய்வுகூடம் இருந்ததும் இல்லை. ஒரு டோர்ச் லைட், ஒரு தீக்குச்சி, ஒரு ரப்பர் பட்டி போதும். எது எதுவாக மாறுகிறது என்று கேட்டுக்கொண்டே ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. அட்டன் பஸ் வளைவு வளைவாக இறங்கும்போது பிரேக் காய்ந்த வாடை அடித்தால், மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான், மேட்டில் சேர்த்து வைத்த சக்தி இப்போது வெப்பமாகப் போகிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். சொன்னால் ஒரு திருப்தி. உலகம் எனக்குத் தெரிந்தபடிதான் நடக்கிறது என்ற திருப்தி.

நாட்டில் கேஸ் இல்லாமல் போன அந்த வருடம் நான் அட்டனில் தனியாக இருந்தேன். மனைவி இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. சிலிண்டர் காலியாகிவிட்டது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். அது அந்தத் தாளை மதிக்கவில்லை. மூன்று நாள் பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் தின்ற பிறகு அக்கா போன் எடுத்துக் கூப்பிட்டாள்.

"என்னா தம்பி, சாப்பிட்டியா?"

"பாண் சாப்பிட்டேன்க்கா."

"நேத்தும் பாணுதான் சொன்ன. கெளம்பி இங்க வா. எரிக்கவா நமக்குப் பஞ்சம்? மல முழுக்க மிளாரு கெடக்கு."

அக்கா லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தாள். கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. ஒரே மகன் கொழும்பில் கடை ஒன்றில் வேலை செய்தான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் பழைய லயத்தில் கடைசி வீடு, கடைசிக் காம்பிரா, அவளுடையது. முன்னால் திண்ணை மாதிரி ஒடுக்கமான ஓர் இஸ்தோப்பு, நடுவில் ஒரே அறை, பின்னால் தகரம் இறக்கிய சமையலறை. இஸ்தோப்பில் பலகைக் கட்டில் போட்டு எனக்கு இடம் கொடுத்தாள். நான் என் மின்சாரச் சோற்றுப் பானையையும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவள் பக்கத்துக் காம்பிராப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இங்க பாரு புள்ள, வாத்தியாரு சட்டி கொண்டாந்திருக்காரு. கரண்டு வந்தா சோறு, வராட்டி சட்டிய தொடச்சித் தொடச்சி வைக்கணுமாம்."

பக்கத்துப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இன்னும் மலைக்கு வேலைக்குப் போகிறவள். அக்காவைப் பெரியம்மா என்பாள், என்னைச் சேர் என்பாள். "சேர், அதுல பூ வைக்கலாம் சேர்," என்றாள்.

மிளார் என்பது கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் கிளைகள். வெட்டு முடிந்ததும் லயத்துச் சனம் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வரலாம். தேயிலை மரம் இறுகிய மரம். காய்ந்துவிட்டால் சடசடவென்று எரிந்து முடியாது, நின்று எரியும். தணல் வெகுநேரம் இருக்கும். அக்கா எழுபத்து மூன்று வயதிலும் சின்னக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு நாள் அவள் கட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு, நான் என் பாடத்தை எடுத்துவிட்டேன். இலை வெயிலை வாங்கி மரமாக்குகிறது, அந்த வெயில்தான் அடுப்பில் திரும்ப வெளியே வருகிறது, நாம் சோறாக்குவது பழைய வெயிலில் என்றேன்.

"அப்போ இவ்வளவு நேரமா நான் வெயிலத் தூக்கிட்டா வந்தேன்?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "கனமான வெயிலு தம்பி. நாளைக்கி நீயும் ஒரு கட்டு தூக்கு."

நான் தூக்கவில்லை. எனக்குக் கால் வழுக்கும் என்று சொன்னேன். அவளும் வற்புறுத்தவில்லை.

அவளுக்கு முழங்கால் வலி. குளிர் இறங்கினால் இரண்டு முழங்காலும் வீங்கிவிடும். உப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொள்வாள். அதிகம் குளிர்ந்தால் மட்டும் ஒரு பழைய அலுமினியச் சட்டியில் தணலை அள்ளி, அறைக்குள் கட்டில் பக்கத்தில் வைப்பாள். அப்போது கதவு திறந்தே இருக்கும். மேலே தகர இடைவெளியில் காற்று வந்து போகும். குளிர்காய்வதற்கு என்று வைத்துவிட்டு மலைக்காற்றையும் உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறாளே என்று எனக்குத் தோன்றியது. சட்டியில் இருக்கும் வெப்பத்தில் பாதிக்கு மேல் கூரை வழியாக வெளியே போகிறது. முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தவனால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

தொழிற்சாலையில் தேயிலை அடைக்கும் தடித்த கடதாசிச் சாக்குகளின் உட்புறம் வெள்ளித் தாள் ஒட்டியிருக்கும். கிழிந்த சாக்குகள் ஒரு மூலையில் கிடந்தன. காவலுக்கு இருந்த வாச்சரிடம் கேட்டு ஒரு கட்டு வாங்கி வந்தேன். இரண்டு நாள் வேலை. வெள்ளிப்பக்கம் அறையைப் பார்க்கும்படி கூரைக்குக் கீழே ஆணியடித்தேன். சுவர் முடியும் இடத்தில் இருந்த இடைவெளி முழுவதையும் பழைய சேலைத் துணியும் சாக்கும் திணித்து அடைத்தேன். ஜன்னல் விளிம்புக்கும் ஒட்டுத்தாள் ஒட்டினேன். பளபளப்பான பரப்பு வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் என்று பக்கத்துப் பெண்ணுக்கு விளக்கம் சொன்னேன். அவள் அண்ணாந்து பார்த்து, "கோயில் தேரு மாதிரி இருக்கு சேர்," என்றாள்.

அக்கா மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "மூச்சு முட்டாதா?" என்றாள்.

"பொகையே இல்லாத தணல்தானக்கா. எதுக்கு முட்டும்?"

இந்தப் பதிலைத்தான் நான் பல தடவை எனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். காற்று போதாமல் காபன் எரிந்தால் காபனோரொட்சைட்டு வரும், அதற்கு நிறமில்லை, மணமில்லை, அது இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதை நான் எத்தனையோ வகுப்புகளுக்குக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பரீட்சைக் கேள்வியாகவும் கொடுத்திருக்கிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. வெப்பத்தைப் பற்றிய என் கெட்டிக்காரத்தனத்தில் காற்றை மறந்தேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மூடுபனி விலகவில்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அக்கா முழங்கால் தாங்காமல் கட்டிலில் சாய்ந்தாள். நான் சட்டி நிறையத் தணல் அள்ளிக் கட்டில் பக்கத்தில் வைத்தேன். தலவாக்கலையில் மண்ணெண்ணெய் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், கேனை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

"கதவ கொஞ்சம் தொறந்து வச்சிட்டுப் போ தம்பி," என்றாள்.

"தொறந்து வச்சா நான் ரெண்டு நாளா செஞ்ச வேல வீணாப் போயிரும். போத்திக்கிட்டுப் படுங்க."

"சரி சரி. வாத்தியாரு சொன்னா சரிதான்."

கதவை இழுத்துச் சாத்தினேன். மழைக்கு ஊதிப்போன பலகைக் கதவு அது. நன்றாக இறுகும்.

மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது அங்கே நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். தீப்பெட்டிக்கும் தட்டுப்பாடாக இருந்த நாட்கள் அவை. பக்கத்துப் பெண் தினமும் பொழுது சாய்ந்த பிறகு ஒரு சிரட்டையோடு வந்து அக்காவின் அடுப்பிலிருந்து தணல் எடுத்துப் போவாள். வெள்ளிக்கிழமை மட்டும் விளக்கு வைத்த பிறகு அக்கா நெருப்புக் கொடுக்க மாட்டாள், வீட்டு லட்சுமி கூடவே போய்விடும் என்பாள். நெருப்புக்குக் கிழமை தெரியுமா என்று நான் அவளைக் கேலி செய்திருக்கிறேன். அன்று வெள்ளி என்பதால் அந்தப் பெண் வேலை விட்டதும் நேராக, வெளிச்சம் இருக்கும்போதே சிரட்டையோடு வந்துவிட்டாள். கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள். அக்காவின் முகம் நல்லாச் சிவந்து, தூங்குவது போல் இருந்ததாம். எழுப்பினால் எழவில்லை. மற்ற நாளைப் போலப் பொழுது சாய்ந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். டொக்டர் கையை மட்டும் விரித்தார்.

நான் வெறும் கேனோடு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, அக்காவைக் கம்பளியில் வைத்து நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கி வந்திருந்தார்கள். கொழுந்து ஏற்றும் லொறியில்தான் கொண்டுபோனோம்.

டொக்டர் ஓர் இளம் சிங்களப் பெண். தமிழ் தெரியாது. பக்கத்துப் பெண்ணுக்கு அவர் கேட்டது அரைகுறையாகத்தான் புரிந்தது. ஆகவே நான் முன்னால் போய் நின்றேன். சிங்களம் எனக்கு நன்றாக வரும். எத்தனையோ பேருக்கு அரசாங்கக் கச்சேரியிலும் ஆஸ்பத்திரியிலும் பேசிக் கொடுத்திருக்கிறேன். அந்த டொக்டரம்மா அக்காவின் ஒட்சிசன் குழாயைச் சரிசெய்துகொண்டே, அடைத்த அறைக்குள் தணலைக் கொண்டுபோனது யார், கதவைச் சாத்தியது யார் என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது.

"எயாமய் டொக்டர். வயசய்னே," என்றேன்.

அவங்களேதான் டொக்டர், வயசாகிவிட்டதல்லவா என்று அர்த்தம். அவ்வளவுதான் நான் சொன்னது. முன்கூட்டி நினைத்துச் சொல்லவில்லை. வாய் தானாகத் திறந்து சொல்லிவிட்டது. டொக்டர் தலையை ஆட்டிவிட்டு நோயாளித் துண்டில் எழுதிக்கொண்டார். பக்கத்துப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அந்தளவு சிங்களம் தெரியும். ஆனால் தணல் வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. "பாவம் பெரியம்மா, குளிருக்கு வச்சிருக்கும்," என்றாள். நான் ஆமாம் என்றேன். இரண்டாவது பொய் முதலாவதை விட எளிதாக இருந்தது.

அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவள் நினைவில் இல்லை. காலையில் பல் விளக்கியது ஞாபகம், பிறகு ஆஸ்பத்திரிச் சுவர்தான் ஞாபகம். நடுவில் ஒன்றுமில்லை. கதவைக் கொஞ்சம் திறந்து வை என்று என்னிடம் சொன்னது அவளுக்கே தெரியாது. அப்படியாகும் என்று டொக்டர் சொன்னபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் இப்போது அதிகம் கூசுகிறேன்.

மகன் கொழும்பிலிருந்து வந்தான். கட்டில் பக்கத்தில் நின்று, வார்டே கேட்கும்படி கத்தினான். "அறிவு இருக்காம்மா ஒனக்கு? கதவ சாத்திக்கிட்டு நெருப்ப வச்சிக்கிட்டுத் தூங்குவாங்களா? மாமா மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாராட்டி நீ செத்திருப்ப!" அவன் மாமாவாகிய நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நெனப்பே இல்ல சாமி," என்றாள்.

அவன் அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போனான். காம்பிரா பூட்டிக் கிடந்தது. கேஸ் திரும்பக் கிடைக்க ஆரம்பித்ததும் நானும் அட்டனில் என் வீட்டில் வழக்கம்போல் இருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் போனில் பேசுவோம். எதைப் பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள்.

"ஏன் தம்பி, அன்னிக்கி நான் எதுக்கு அப்பிடிச் செஞ்சேன்? எந்த நாளும் கதவத் தொறந்துதான வைப்பேன்?"

"வயசாச்சில்லக்கா. விடுங்க."

"மூள மழுங்கிப் போச்சு போல."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்பேன். அதோடு பேச்சை மாற்றுவேன்.

போன மாதம் கண் காட்டுவதற்காகக் கொழும்புக்குப் போனேன். ரயிலில் வட்டவளை தாண்டும்போது மழை. அக்காவுக்குப் பிடிக்கும் என்று ஒரு பை மரக்கறி கொண்டுபோனேன். மகன் வீடு மாடியில் இரண்டு அறை. அவனும் மருமகளும் பின் அறையில் ஏதோ வேலையாக இருந்தார்கள். அக்கா எழுந்து, "தேத்தண்ணி குடிக்கிறியா?" என்றாள். மேசையில் மின்சாரக் கேத்தல் இருந்தது. தண்ணீர் கொதித்ததும் தானாக நின்றுவிடுகிற வகை. அவள் குழாயில் தண்ணீர் பிடித்தாள், கேத்தலை அதன் தட்டில் வைத்தாள். பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மகளே, வந்து இந்த சுவிச்சப் போட்டு வுட்டுட்டுப் போ," என்று மருமகளைக் கூப்பிட்டாள்.

"நீங்களே போடுங்கக்கா," என்றேன்.

"ஐயய்யோ, நான் தொடுறதில்ல. என் புத்திய நம்ப முடியாது. இவங்க எல்லாம் தூங்குற வீடு."

சாதாரணமாகத்தான் சொன்னாள், மழை வரும் போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. ஐம்பது வருடத்துக்கு மேல் ஈர மிளாரில் நெருப்பு மூட்டி, ஒரு தடவை கூட யாரையும் சுட்டுவிடாத மனுஷி. மருமகள் வந்து சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனாள். தண்ணீர் இரையத் தொடங்கியது.

நான் மகனைக் கூப்பிட்டேன். மருமகளையும் வரச் சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நின்றுகொண்டே சொன்னேன். கூரையில் சாக்கு அடித்தது, தணல் அள்ளியது, கதவைத் திறந்து வை என்று அக்கா சொன்னது, நான் சாத்தியது. எல்லாம் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை இரண்டு வருடம் தள்ளிப்போட்டிருந்தேன்.

முதலில் மகன்தான் வாயைத் திறந்தான். "என்னா மாமா சொல்றீங்க? நான் அம்மாவ எவ்வளவு ஏசியிருக்கேன், நீங்க பக்கத்துலயே நின்னீங்களே மாமா!"

அக்கா அவனைக் கையால் அமர்த்தினாள். "அப்போ நான் வைக்கல?"

"இல்லக்கா."

"தொறந்து வையின்னு சொன்னேனா? நானு?"

"சொன்னீங்க."

அக்கா நிமிர்ந்து, "டாக்டரம்மா கேட்டப்ப நீ என்னா சொன்ன? சொன்ன மாதிரியே சொல்லு," என்றாள்.

நான் சொன்னேன். அந்தச் சிங்களச் சொற்கள் அந்த அறையில் மிகச் சின்னதாக ஒலித்தன. அவளுக்குத் தோட்டத்துச் சிங்களம் தெரியும்.

"வயசய்னே," என்று திருப்பிச் சொன்னாள். "ஒனக்கும் எனக்கும் எத்தன வருசம் வித்தியாசம்?"

"நாலு."

"நாலு வருசத்துல நான் கெழவி, நீ வாத்தியாரு."

மருமகளுக்குச் சிரிப்பு வந்து, பிறகு அழுகை வந்தது. அக்காவுக்கு இரண்டும் வரவில்லை. மகன் பக்கம் திரும்பி, "நாளைக்கி லீவு போடு. என்னைய லயத்துல கொண்டுபோயி வுடு," என்றாள்.

"இருங்கம்மா, யோசிச்சு..."

"யோசிக்கிற புத்தி எனக்கு இருக்குன்னு இப்பதான ஒன் மாமா சொன்னாரு."

நான் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவள் மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் செருப்பைப் போடும்போதுதான் வாசலுக்கு வந்தாள். "நான் இன்னும் கோவப்படவே ஆரம்பிக்கல தம்பி. எல்லாத்தையும் மொதல்ல இருந்து நெனச்சிப் பாக்கணும். முடிஞ்சதும் நானே கூப்புடுறேன். அதுவரைக்கும் நீ எனக்குப் போன் எடுக்காத."

"சரிக்கா."

"கண்ணு என்னா சொன்னாங்க?"

"ஒப்பரேசன் செய்யணுமாம்."

"செஞ்சிக்க," என்று கதவைச் சாத்தினாள்.

ஐந்து வாரம் ஆகிறது. அவள் லயத்துக்குத் திரும்பிவிட்டாள் என்று மகன் ஒரு வரி அனுப்பினான். பக்கத்துப் பெண்ணுக்கும் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அவள், "பெரியம்மா காலைல அஞ்சு மணிக்கே அடுப்பு மூட்டுறாங்க சேர். யாரையும் கேக்குறதில்ல," என்றாள். முன்பு சேர் என்று சொல்லும்போது இருந்த குழைவு அதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் தன் புத்தியை நம்புகிறாள், எனக்கு அது போதும் என்று எழுதி முடிக்கத்தான் ஆசை. அதுவும் பொய்யாகிவிடும். அவள் கூப்பிட வேண்டும் என்றுதான் இருக்கிறேன்.